சுவரை முட்டி நடந்த பதினொரு நொடி

பிளஃப்
ஜூன் 9, செவ்வாய்

அன்புள்ள பிரையர்,

ஞாயிற்றுக்கிழமை விளையாட்டின் ஆறாம் தளத்தில் உன் ஆள் சுவரில் முட்டியபடி நடந்துகொண்டே இருந்தாள். நான் முதலில் கவனித்தது அதைத்தான்.

கெட்டில் கூவுகிறதே என்று எழுந்து போகிறவர்கள் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிடுவார்கள். அப்போது ஆள் சும்மா நிற்பாள், முகமூடியைச் சரிசெய்வாள், கழுத்தைத் திருப்பிப் பார்ப்பாள். உன் ஆள் அப்படி நிற்கவில்லை. நெற்றி சுவரில் இருந்தது, கால்கள் மட்டும் நடந்தன. உன் கட்டைவிரல் ஸ்டிக்கை முன்னால் தள்ளிக்கொண்டே இருந்தால்தான் அப்படி நடக்கும். காவல் இயந்திரங்கள் இரண்டு வந்து உன் முதுகில் அடித்தன. அப்போதும் நீ திரும்பவில்லை. சிப்பிக் கொட்டகை வேலையில் நாள் முழுக்க எண்ணி எண்ணி எனக்கு எதைப் பார்த்தாலும் எண்ணும் பழக்கம் வந்துவிட்டது. பதினொன்று எண்ணியபோது நீ திரும்பினாய். "எந்தக் கதவு?" என்று தட்டச்சு செய்து அனுப்பினாய். கதவைப் பற்றி நான் சொல்லி ஒரு நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.

ஏனென்று தெரியாமல் பயந்துபோனேன். அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் வேலையில் நின்றபோதுதான் காரணம் பிடிபட்டது. உன் கன்ட்ரோலர் தேய்ந்துபோய்விட்டது, அவ்வளவுதான். பழைய ஸ்டிக் விரலை எடுத்த பிறகும் தானாக ஒரு பக்கம் இழுக்கும். இவ்வளவு சின்ன விஷயத்துக்கா பயந்தேன் என்று வெட்கமாக இருந்தது. என்னுடைய இன்னொரு கன்ட்ரோலரை இதோடு பொட்டலத்தில் வைத்திருக்கிறேன். அதன் குணம் முழுக்க எனக்குத் தெரியும். தாவும் பொத்தான் மட்டும் கொஞ்சம் கடினம், மற்றபடி தங்கம்.

இங்கே ஜூன் குளிரில் தென்துருவத்திலிருந்து வரும் காற்று கதவைப் பிய்க்கிறது. அதைத் தவிர நானும் அம்மாவும் குறையில்லாமல் இருக்கிறோம். படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் போகின்றன. உன் அம்மாவின் இடுப்பு எப்படி இருக்கிறது? உன் தங்கை போஸிக்குப் பல் விழுந்ததா?

என் அம்மா நேற்று என் முகத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, நாம் விளையாடுவது என்ன விளையாட்டு என்று கேட்டாள். பெயர் கருவளையம், அணைந்துபோன நட்சத்திரத்தைச் சுற்றி வளையமாகக் கிடக்கும் பாழடைந்த விண்கலம், அதற்குள் ஒன்பது தளம், கடைசித் தளத்தில் அறுவடைக்காரி என்று ஒரு இயந்திர அரக்கி என்றெல்லாம் விளக்கினேன். "அந்தக் கருவளையம் திரையிலேருந்து எறங்கி உன் கண்ணுக்குக் கீழேயே வந்து உக்காந்துடுச்சு, போய்த் தூங்குடி" என்றாள்.

அறுவடைக்காரியின் கதவு ஜூலை 19 அன்று திறக்கிறது. நீ கேட்டபடி எனக்குத் தெரிந்ததைத் தாளில் எழுதுகிறேன். உங்கள் பள்ளத்தாக்கில் ஞாயிறு இரண்டு மணி நேரம்தான் இணையம் தருவார்கள் என்கிறாய். அதில் பாதியை நான் எழுதுவதைப் படித்தே வீணாக்க வேண்டாம்.

முதலில் எதிரியின் அடியைத் தட்டிவிடுவது. இயந்திரத்தின் தோளில் சிவப்பு விளக்கு எரிந்ததும் தட்டுகிறாய். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள், எல்லாரும் அடி வாங்குகிறார்கள். விளக்கைப் பார்க்காதே. அது ஓயாமல் ஒரு ரீங்காரம் போடும். அடிக்கும் முன் அந்த ரீங்காரம் ஒரு கணம் அடங்கும். அடங்கியதும் தட்டு. கண்ணை நம்பினால் அரை நொடி பிந்துவாய்.

பின்னால் ஒதுங்காதே. நீளமான கை உள்ளவனிடம் பின்வாங்கினால் அவன் வீச்சின் நுனியில் போய் நிற்பாய். அங்கேதான் அடி பலமாக விழும். பயமாக இருந்தாலும் அவனை நோக்கிப் போய் அக்குளுக்குக் கீழே புகு. எனக்கு இது வரவே மூன்று மாதம் ஆயிற்று. உனக்கு என்னைவிடத் தைரியம் அதிகம்.

இரட்டைக் கத்தி சூடேற ஏற ஆழமாக வெட்டும், முழுக்க ஏறினால் உன் கையையே சுடும். முக்கால் ஏறியதும் நாலு வெட்டையும் முடித்துவிட்டுத் துப்பாக்கிக்கு மாறு. நாலாவது வெட்டு இறங்கும்போதே மாறினால், ஆள் நிமிர்ந்து நிற்க எடுக்கும் நேரம் மிச்சம். உன் நாலு வெட்டுகளைப் போல அழகாக வெட்டுகிறவர்களை நான் பார்த்ததில்லை. நடுவில் விட்டதே கிடையாது நீ.

புள்ளிகள்: விரைவுக்குப் பதினெட்டு வரை போடு. அதற்குமேல் போட்டால் பாதிப் பலன்தான். மூச்சுக்குப் பன்னிரண்டு வேண்டும், கடைசித் தளத்தில் காற்று குறைவு. மிச்சம் எல்லாம் தாக்குதலுக்கு.

இப்போது திட்டு. மே மாதக் குளிர் தொடங்கியதிலிருந்து உன் ஆளை நீ கெடுத்து வைத்திருக்கிறாய். யாராவது இரட்டைக் கத்திக்காரிக்குத் தானியங்கிக் கேடயம் வாங்குவார்களா? அடி வரும்போது ஒன்றும் செய்யாமல் நிற்கிறவர்களுக்குத்தான் அது. இரண்டாம் இதயம் எதற்கு? எல்லாவற்றையும்விட அந்த நங்கூரச் செருப்பு! விளிம்பைத் தாண்டிக் காலை வைக்க விடாது. அறுவடைக்காரியின் பாலத்தில் குதித்துத்தான் தப்பிக்க வேண்டும், அங்கே அது உன்னைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நாற்பது புள்ளி வீண். மூன்றையும் கழற்றி எறி. என்னை நம்பு.

போஸிக்குப் பல் விழுந்தால் தேவதை வந்து எடுத்துப்போக அதைத் தலையணைக்கு அடியில் வைக்க மறந்துவிடாதே. உங்கள் மலை முழுக்கப் பனி உறைந்திருக்கும், கையுறை போட்டுக்கொள்.

உன் தோழி
அரிஹியா


பிளஃப்
ஜூலை 21, செவ்வாய்

அன்புள்ள பிரையர்,

கன்ட்ரோலரில் போஸி ஆட்டுக்குட்டிப் படம் ஒட்டியதாக எழுதியிருந்தாய். சந்தோஷம். என் பழைய கன்ட்ரோலர் உங்கள் வீட்டில் என்னைவிட நன்றாக வாழ்கிறது.

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எழுத மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இது நாலாவது. நேராகவே எழுதிவிடுகிறேன்.

நான் சொன்னபடியே எல்லாம் செய்திருந்தாய். செருப்பைக் கழற்றியிருந்தாய், கேடயத்தையும் இதயத்தையும் விற்றிருந்தாய். ரீங்காரம் அடங்கியதும் தட்டினாய். எனக்குப் பெருமையாக இருந்தது. பாலத்தில் நீ எனக்கு முன்னால் போனாய். முதல் வெட்டு, இரண்டாவது, மூன்றாவது. நாலாவது வரவில்லை. கத்தியைத் தொங்கவிட்டபடி நடந்தாய். ஓடவில்லை, வழுக்கவில்லை, குதிக்கவில்லை. வீட்டுக்குள் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போகிற மாதிரி அதே நடையில் விளிம்பைத் தாண்டிக் கால் வைத்தாய்.

விழுந்துகொண்டிருந்தபோதுகூட உன் கால்கள் நடந்துகொண்டிருந்தன.

நீ மறுபடி உயிர் பெற்று வந்ததும், "சிரிக்காதடி, கண்ணுல தூசி" என்று அனுப்பினாய். இருபது நிமிடம் கழித்து அதே பாலத்தில் அதே மாதிரி போனாய். அந்த முறை தூசி என்றுகூடச் சொல்லவில்லை. "நாம பாலத்துக்கு வந்துட்டோமா?" என்று கேட்டாய்.

பிரையர், அது என்னுடைய கன்ட்ரோலர். அது தானாக இழுக்காது. ஒருநாளும் இழுத்ததில்லை.

அதற்குப் பிறகு உன் பழைய ஆளை நினைத்துப் பார்த்தேன். நான் திட்டிய மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். நீ ஒன்றும் செய்யாதபோது தானாக எழுகிற கேடயம். செத்தாலும் எழுப்புகிற இதயம். நடந்துபோய் விழாமல் பிடித்து நிறுத்துகிற செருப்பு. அதை விளையாடத் தெரியாதவள் செய்த அமைப்பு என்று நினைத்தேனே, நான் எவ்வளவு பெரிய முட்டாள். நடுநடுவே தான் இல்லாமல் போய்விடுவோம் என்று தெரிந்த ஒருத்தி தனக்காக யோசித்து யோசித்துச் செய்த அமைப்பு அது. உனக்குத் தெரியும். குளிர்காலத் தொடக்கத்திலிருந்தே தெரியும். நான்தான் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னேன்.

எங்கள் கொட்டகையில் எனக்கு அடுத்த மேசையில் சிப்பி திறக்கிற ரேலீனைப் பற்றி எழுதியிருக்கிறேன், ஊரில் எல்லாருக்கும் பட்டப்பெயர் வைப்பாளே, அவள். எனக்கு 'ஊமை ராணி' என்று வைத்திருக்கிறாள். வகுப்பில் எழுந்து நின்று பேசச் சொன்னதற்காகப் பள்ளிக்கூடத்தையே விட்டவள் நான் என்று தெரிந்ததிலிருந்து அந்தப் பெயர்தான். நேற்றுத் தேநீர் இடைவேளையில் நானாகவே அவளிடம் போய் உட்கார்ந்தேன். அவளுக்கே ஆச்சரியம். ஒரு தோழி விளையாடும்போது இப்படிச் சுவரில் முட்டிக்கொண்டு நடக்கிறாள் என்று சொன்னேன்.

"என் புருஷன்கூட வீட்டுக்குள்ள அப்படித்தான் நடக்கிறான். அவனையும் டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போகட்டுமா?" என்று ரேலீன் சிரித்தாள். மேசை முழுக்கச் சிரித்தது. கட்டைவிரல் மட்டும் அழுத்தியபடியே இருக்கிறது, திரும்பி வந்ததும் முன்னால் நடந்தது ஞாபகமில்லை என்று சொன்னேன். அவள் சிரிப்பு நின்றுவிட்டது. சீஸ் ரோலைத் தட்டில் வைத்துவிட்டு என்னை வெளியே கூட்டிப்போனாள்.

"வலிப்புன்னா கீழ விழுந்து உதறும்னுதானே எல்லாரும் நெனைக்கிறீங்க. எனக்கு வர்றது இதுதான். ஆள் நிப்பேன், நான் இருக்க மாட்டேன். முதல் தடவை கத்தியைப் பிடிச்சபடியே நின்னேனாம். பக்கத்துல இருந்தவ மெதுவா கையிலேருந்து எடுத்திருக்கா. முழிச்சதும் அவளை நான் பேசின பேச்சு இருக்கே, துறைமுகத்துக்கே கேட்டிருக்கும்" என்றாள். இப்போது மாத்திரை எடுக்கிறாள். கடைசியாக வலிப்பு வந்து மூன்று வருடம் ஆகிறதாம். ஆரம்பத்தில் ஒரு வருடம் வண்டியைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம்.

"உன் தோழி வண்டி ஓட்டுறாளா?" என்று கேட்டாள்.

வேலை முடிந்ததும் படகு இழுக்கிற நான்கு சக்கரக் குவாட் பைக் நிற்கிற இடத்துக்குப் போனேன். நீ எப்போதும் உன்னுடையதைப் பற்றி எழுதுவாய், நான் ஒன்றைக்கூடக் கிட்டப் போய்ப் பார்த்ததில்லை. வலது கைப்பிடிக்குக் கீழே ஒரு சின்ன நெம்புகோல். கட்டைவிரலால் தள்ளினால் ஓடும். விரலை எடுத்தால் நிற்கும்.

விரலை எடுத்தால்தான் நிற்கும், பிரையர்.

போன கடிதத்தில், ஆடு ஒன்று குறுக்கே வந்ததால் பைக்கை வேலியில் மோதிவிட்டேன், அம்மா கத்தினாள் என்று வேடிக்கையாக எழுதியிருந்தாய். அங்கே ஆடு இருந்ததா? உங்கள் பாதையில் ஒரு பக்கம் மலையை வெட்டியிருப்பார்கள், மறுபக்கம் கீழே ஆறு என்று நீதானே படம் வரைந்து அனுப்பினாய். தினமும் காலையில் போஸியை முன்னால் உட்கார வைத்து அந்தப் பாதையில்தான் பள்ளிப் பேருந்துக்குக் கொண்டுபோய் விடுகிறாய்.

அம்மாவிடம் சொல். நான் இதுவரை உன்னிடம் எதையும் கேட்டதில்லை. கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, சொல்லிவிடு. சொல்லும்வரை அந்த நங்கூரச் செருப்பையாவது திரும்ப வாங்கு. என் புள்ளிகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொள். விளையாட்டில்கூட நீ விழுவதை என்னால் பார்க்க முடியவில்லை.

போஸிக்கு என் முத்தம்.

அரிஹியா


பிளஃப்
ஆகஸ்ட் 19, புதன்

அன்புள்ள பிரையர்,

உன் கடிதம் நேற்றுக் காலை வந்தது. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். நாள் முழுக்கச் சிப்பிகளைத் தப்பாக எண்ணினேன். இன்று காற்று பலமாக அடிப்பதால் படகுகள் போகவில்லை. வீட்டில் தனியாக இருக்கிறேன்.

"நீ என்ன டாக்டரா? சிப்பி கழுவுறவதானே" என்று எழுதியிருந்தாய். சரிதான். அதற்காக எனக்குக் கோபமில்லை. கோபத்தில்தான் எழுதியிருக்கிறாய் என்று எழுத்து தாளைக் குத்தியிருப்பதிலேயே தெரிந்தது.

பிறகு மிச்சத்தைப் படித்தேன். நீ எல்லாவற்றையும் ஒத்துக்கொண்ட இடத்தை இரண்டு முறை படித்தேன். மே மாதத்திலிருந்து வருகிறது, வாரத்தில் மூன்று நாலு முறை வருகிறது. உன் அம்மா இடுப்பு அறுவை சிகிச்சைக்காக இரண்டு வருடம் காத்திருந்தாள், இந்த வெள்ளிக்கிழமைக்குத் தேதி கிடைத்திருக்கிறது, விட்டால் மறுபடி வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். குட்டி ஈனும் காலம் இது. அம்மா படுத்திருக்கும் ஆறு வாரமும் ஆடுகள், போஸி, வண்டி எல்லாம் நீதான். உன் விஷயம் தெரிந்தால் அம்மா போக மாட்டாள். "ராத்திரி அவ படி ஏறுறப்போ முனகுற சத்தத்தை நீ கேட்டதில்ல. நான் கேக்குறேன். ஆறு வாரம்டி. அதுக்கப்புறம் நானே சொல்லிடுறேன்" என்று எழுதியிருக்கிறாய்.

அந்த வரியைப் படித்ததும் உன் பக்கம் சாய்ந்துவிட்டேன். உண்மையாகச் சொல்கிறேன். சரி, ஆறு வாரம்தானே, நான் சொல்லாமல் இருக்கலாம் என்று அரை மணி நேரம் நினைத்தேன். நீ என்னை வெறுக்காமல் இருக்க வேண்டும் என்ற ஆசைதான் அதில் பாதி. எனக்கு உன்னைத் தவிர யார் இருக்கிறார்கள் என்று உனக்குத் தெரியும்.

ஆனால், வருவதற்கு முன்னால் வாயில் இரும்பு ருசி தெரியும், அதற்குள் விரலை எடுத்துவிடுவேன் என்றும் எழுதியிருக்கிறாய். அதை நம்பத்தான் நானும் ஆசைப்பட்டேன். எங்கள் வீட்டு விளையாட்டுப் பெட்டி ஒவ்வொரு ஆட்டத்தையும் துண்டு துண்டாகப் படமெடுத்துச் சேமித்து வைக்கும். உன்னோடு விளையாடிய ஞாயிறுகளை எல்லாம் தேடினேன். ஏழு இடத்தில் நீ இல்லாமல் போயிருக்கிறாய். ஏழையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். எதிரி வருகிறான் என்று ஒரு துளி சந்தேகம் வந்தாலே கத்தியைக் குறுக்கே தூக்குகிறவள் நீ. ஏழு முறையில் ஒரு முறைகூடத் தூக்கவில்லை. பின்வாங்கவில்லை. வெட்டின் நடுவில் நின்றிருக்கிறாய், தாவலின் நடுவில் நின்றிருக்கிறாய். ஒருமுறை எனக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தபோது. உனக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் என்னைக் காப்பாற்றிவிட்டுத்தான் போயிருப்பாய். அந்த இரும்பு ருசி எல்லா முறையும் வருவதில்லை, பிரையர். வந்தது மட்டும்தான் உனக்கு ஞாபகம் இருக்கிறது.

கடைசியாக வந்தது பத்தொன்பது நொடி. ஜூனில் பதினொன்று.

நேற்று இரவு ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டேன். பைக் மெதுவாகப் போனாலும் பத்தொன்பது நொடியில் எவ்வளவு தூரம் போகும் என்று. எழுதிவிட்டுக் காகிதத்தை அடுப்பில் போட்டேன். அந்த எண்ணை உனக்கு எழுத மாட்டேன்.

அம்மாவிடம் சொன்னால் விளையாட்டின் நண்பர் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடுவாய் என்கிறாய். எடுத்துவிடு. அதற்குப் பிறகு உன்னிடம் வர எனக்குத் தபால் மட்டும்தான் மிச்சம். அதனால்தான் இப்போதே எழுதி வைக்கிறேன். இது சனிக்கிழமைதான் உங்கள் பெட்டியில் விழும். அதற்குள் உன் அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கும். யார் சொன்னது என்று நீ தேட வேண்டாம். நான்தான் சொன்னேன். எதற்காக என்பதையும் என் வாயிலிருந்தே நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

உன் அம்மாவின் அறுவை சிகிச்சையைக் கெடுப்பது என் நோக்கமில்லை. இதைப் பற்றி ரேலீனிடம் பேசினேன். கொட்டகைக்காரரிடமும் பேசினேன், நானே போய்ப் பேசினேன். பருவம் முடிய இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது, போய்வா என்றார். உன் அம்மா சம்மதித்தால் நாளையே கிளம்பிப் படகும் பேருந்துமாக வந்துவிடுவேன். நான் வந்து சேரும்வரை இரண்டு நாள் போஸியைப் பக்கத்துப் பண்ணைக்காரர் பேருந்தில் ஏற்றிவிடட்டும். ரேலீன் என்னைப் பார்த்து, "ஊமை ராணி ஆடு மேய்க்கப் போறாளாம்! ஆடுங்க பதில் பேசாது, உனக்குச் சரியான இடம்தான்" என்றாள். பிறகு தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி என் தலையில் மாட்டிவிட்டாள்.

எனக்குக் குட்டி போடும் ஆட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. வண்டி ஓட்டவும் தெரியாது. குட்டியை எங்கே பிடித்து இழுக்க வேண்டும், எப்போது இழுக்க வேண்டும் என்று நீ பக்கத்தில் நின்று சொல்லிக்கொடு, நான் செய்கிறேன். சண்டையில் நான் சொன்னதை எல்லாம் நீ கேட்டாயே, அந்த மாதிரி. காலையில் போஸியின் கையைப் பிடித்துக்கொண்டு மூன்று கிலோமீட்டர் நடக்க என்னால் முடியும். அவளை மலைப்பக்கமாக நடக்கவிட்டு நான் ஆற்றுப்பக்கமாக நடப்பேன்.

ஏழு துண்டையும் உன் அம்மாவுக்கு அனுப்பப்போகிறேன். டாக்டர்கள் இப்படிப்பட்டதைத்தான் கேட்பார்கள், நேரில் பார்த்தவர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்பார்கள் என்று ரேலீன் சொன்னாள். நான் உன்னை நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

உன் மேல் எனக்கு இருக்கிற பிரியத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பயத்தை மட்டும்தான் எழுத வருகிறது. இரண்டும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொள்.

என்னைத் திட்டு. கடிதத்தைக் கிழித்துப் போடு. பேசாமல் இரு. ஆனால் நடந்தே போ. மழை பெய்தாலும் ஆடு கத்தினாலும் நேரமாகிவிட்டாலும் நடந்தே போ. நீ எங்கே கால் வைத்தாலும் அங்கே தரை இருக்கட்டும்.

எப்போதும் உன்
அரிஹியா

பின்குறிப்பு: உறையில் போடுவதற்கு முன்பே உங்கள் வீட்டுத் தொலைபேசி எண்ணை அழுத்திவிட்டேன். ஒட்டிய பிறகு அழுத்தலாம் என்று இருந்தால் தள்ளிப்போட்டுவிடுவேன் என்று பயமாக இருந்தது. ஒன்பது முறை மணி அடித்தது. போஸிதான் எடுத்தாள். "யாரு? பள்ளிக்கூடமா? எனக்குக் காய்ச்சல், நெஜமாவே காய்ச்சல்" என்றாள். என் பெயரைச் சொன்னேன். "ஓ, விளையாட்டு அக்காவா! உங்களுக்குப் பேச வருமா?" என்று கேட்டாள். நீ எங்கே என்று கேட்டேன். "பிரையர் மேலே போயிருக்கா, பைக்ல. ஒரு ஆட்டுக்கு ரெட்டைக் குட்டியாம்" என்றாள். அம்மாவைக் கூப்பிடச் சொன்னேன். கொட்டிலில் இருக்கிறாளாம். ரிசீவரை மேசையில் போட்டுவிட்டு ஓடினாள். கதவு அடிக்கிற சத்தம் கேட்டது. நாய் குரைக்கிறது. எங்கோ தூரத்தில் ஒரு எஞ்சின் சத்தம், வருகிறதா போகிறதா என்று தெரியவில்லை. சும்மா காத்திருக்க முடியாமல் எழுதிக்கொண்டே இருக்கிறேன், ரிசீவரைத் தோளில் இடுக்கியிருப்பதால் எழுத்து கோணலாக இருக்கும். எஞ்சின் நின்றுவிட்டது. நாய் இன்னும் குரைக்கிறது. யாரோ வாசலில் பூட்ஸைக் கழற்றுகிறார்கள். மெதுவாக வருகிறார்கள். உன் அம்மாவாகத்தான் இருக்க வேண்டும்.

பேனாவை வைக்கிறேன்.